கூலி: ஒரு சொல் கடல் கடந்தபோது



திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை (மத் 20:1-16) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விடியற்காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் தோட்ட உரிமையாளர் ஒரே தெனாரியம் கொடுக்கிறார். அந்த வாசகத்தில் 'கூலி' என்ற சொல் வருகிறது. வாசிப்பவர் தயங்குவதில்லை, கேட்பவர் முகம் சுளிப்பதில்லை. உழைத்தவருக்குச் சேரவேண்டிய பணத்திற்குத் தமிழில் உள்ள பழமையான, நேர்மையான சொல் அது. திருவள்ளுவரும் உழைப்பின் பயன் என்ற உயர்ந்த பொருளிலேயே அச்சொல்லைக் கையாண்டிருக்கிறார்.

இதே சொல்லைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலோ, கரீபியன் கடலோரத்து டிரினிடாடிலோ, ஓர் இந்திய வம்சாவளியினரைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறிவிடும். அவருடைய பாட்டனாரையும் பூட்டனாரையும் அடிக்கப் பயன்பட்ட சொல் அது. ஒரே சொல், ஒரே ஒலி. நம் ஆலயத்தில் நற்செய்தியாக வாசிக்கப்படுவது அங்கே எப்படி வசைச்சொல் ஆனது? இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நமக்குப் பயன் தரும். ஏனெனில் இந்தக் கதை வெளிநாட்டோடு முடிந்துவிடவில்லை.

ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' எங்கிருந்து வந்தது என்பதில் இரு கருத்துகள் உண்டு. குஜராத்தில் வாழும் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பர் சிலர். நம் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். இரண்டும் போர்த்துக்கீசிய, ஆங்கிலேய வணிகர்களின் வாயில் கலந்திருக்கவும் கூடும். எப்படியாயினும், 1830களில் பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் இச்சொல் உலகப் பயணம் புறப்பட்டது. ஒப்பந்தம் என்ற பெயரில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் மொரிசியசுக்கும், கயானாவுக்கும், டிரினிடாடுக்கும், நேட்டாலுக்கும், பிஜித் தீவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்த 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்ட இடம் நம் சென்னை. அதில் வந்தவர்களுள் தமிழர் இருந்தனர், கிறிஸ்தவரும் இருந்தனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தமிழில் கூலி என்றால் பணம். அதை வாங்குபவர் கூலியாள். பணம் வேறு, ஆள் வேறு. இரண்டிற்கும் இரண்டு சொற்கள். மாலையில் கூலியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்பினால், அவர் ஒரு தகப்பன், ஒரு கணவன், கோவில் திருவிழாவில் தேர் இழுப்பவர். ஆங்கிலத்தில் அந்த இடைவெளி மறைந்துபோனது. பணத்தின் பெயரையே ஆளுக்கு வைத்துவிட்டார்கள். பிறகு, நாள் முழுவதும் உழைப்பவருக்கு மட்டுமன்றி அந்த நிறத்தில் பிறந்த எல்லாருக்கும் அதுவே பெயராயிற்று. கூலி என்பது வேலையின் பெயராக இல்லாமல் பிறப்பின் பெயராகிவிட்டது.

1893-ஆம் ஆண்டு வழக்கறிஞராக டர்பனில் வந்திறங்கிய காந்தியடிகள் இதை நேரில் கண்டார். அங்கே கடை வைத்திருந்த இந்தியர் 'கூலி வியாபாரி'. பாடம் நடத்திய இந்தியர் 'கூலி ஆசிரியர்'. இலண்டனில் சட்டம் படித்துவந்த அவரோ 'கூலி பாரிஸ்டர்'. சொல்லின் பொருளைப் பார்த்தால் இது வெறும் பிதற்றல். ஆனால் இனவெறுப்பு அகராதியைப் புரட்டிப் பார்த்துப் பேசுவதில்லை. அதைவிட வேதனையானது, சட்டமும் அதே மொழியில் பேசியது. டிரான்ஸ்வால் குடியரசு 1885-இல் இயற்றிய மூன்றாம் எண் சட்டம், ஆசியர்களுக்குக் குடியுரிமை இல்லை என்று அறிவித்தபோது, யாரெல்லாம் ஆசியர் என்பதை விளக்க 'கூலிகள் எனப்படுவோர்' என்ற தொடரையே பயன்படுத்தியது. தெருவில் பிறந்த வசை அரசிதழில் ஏறிவிட்டது. அதன்பின் அது வசையாகவே தோன்றாது. முறையான சொல்லாகத் தோன்றும். ஒரு தலைமுறை அதைக் கேட்டே வளரும்.

அங்கே இன்னொரு தமிழ்ச் சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. முத்துசாமி, இராமசாமி, அருணாசலசாமி என்று வந்திறங்கியவர்களின் பெயர் வாலைப் பிடித்துக்கொண்டு, இந்தியர் அனைவரையும் 'சாமி' என்றே வெள்ளையர் கூப்பிட்டார்கள். காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் ஒரு சுவையான செய்தியைத் தருகிறார். துணிச்சலுள்ள இந்தியர் சிலர், சாமி என்றால் எசமானன் என்று பொருள், நான் உமக்கு எசமானன் அல்லவே என்று திருப்பிச் சொல்வார்களாம். அதைக் கேட்ட ஆங்கிலேயர் சிலர் கூசிப்போவார்களாம். வேறு சிலருக்குக் கோபம் வந்து அடிக்கவே பாய்வார்களாம். சொல்லின் உண்மைப் பொருளை எடுத்துச் சொல்வதே அவர்களுக்கு அவமதிப்பாகிவிட்டது! நம் பங்குகளில் மூத்தவர்கள் இன்றும் குருவானவரைச் சாமி என்றுதான் அழைக்கிறார்கள். பீடத்தின் அருகே மரியாதையாக ஒலிக்கும் அதே சொல் டர்பன் தெருவில் எச்சிலைப்போல் துப்பப்பட்டது.

ஆகவே நல்ல சொல், கெட்ட சொல் என்று பட்டியல் போட்டு, கெட்ட சொற்களை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது முழு உண்மை ஆகாது. யார், யாரை நோக்கி, எந்த உயரத்திலிருந்து சொல்கிறார் என்பதில்தான் நஞ்சு இருக்கிறது. 'காப்பிரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அரபு மொழியில் நம்பிக்கை கொள்ளாதவர் என்று பொருள்படும் சமயச் சொல் அது. அரபு வணிகரிடமிருந்து போர்த்துக்கீசியர் அதைக் கற்றனர். ஆப்பிரிக்கரைக் குறிக்கும் பெயராக்கினர். தென்னாப்பிரிக்காவில் அது மிகக் கொடிய இனவசையாக மாறியது. ஆப்பிரிக்கக் காவலரை அச்சொல்லால் திரும்பத் திரும்பத் திட்டிய ஒரு பெண்ணுக்கு 2018-இல் அங்கே சிறைத்தண்டனையே விதிக்கப்பட்டது. ஆனால் இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடி என்னும் ஊரில், போர்த்துக்கீசியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் நம்மைப்போல் கத்தோலிக்கர். அவர்கள் தங்களைத் தாங்களே அந்தப் பெயரால்தான் அழைத்துக்கொள்கிறார்கள். அதில் அவர்களுக்குக் கூச்சம் இல்லை.

காந்தியடிகளைப் பற்றிய மற்றொரு உண்மையையும் இங்கே மறைக்கக்கூடாது. கூலி என்று அழைக்கப்பட்டதால் மனம் புண்பட்ட அவர், அந்த ஆண்டுகளில் ஆப்பிரிக்க மண்ணின் மைந்தர்களைக் குறிக்க மேற்சொன்ன வசைச்சொல்லையே எழுதினார். 1908-இல் சிறை சென்றபோது, ஆப்பிரிக்கக் கைதிகளோடு இந்தியரைச் சேர்த்து அடைத்ததைக் குறைகூறியும் எழுதினார். பின்னாளில் அவர் பார்வை விரிவடைந்தது. என்றாலும் ஆப்பிரிக்கர் அதை மறக்கவில்லை. கானா நாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் 2016-இல் நிறுவப்பட்ட அவரது சிலை 2018 டிசம்பரில் அகற்றப்பட்டது. அடிபட்டவர் என்பதால் ஒருவர் அடிக்கமாட்டார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது சரியல்ல. தன்மேல் விழுந்த சொல்லின் வலி தெரிகிறது. தன் வாயிலிருந்து விழும் சொல்லின் வலி தெரிவதில்லை.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இத்தகைய ஒரு சொல் இருக்கிறது. 'பறங்கி'. பிராங்க் என்னும் ஐரோப்பிய இனத்தின் பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியாக உருமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது. முதலில் அது போர்த்துக்கீசியரைக் குறித்தது. மெல்ல மெல்ல மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளிக்காதவர், தீண்டத்தகாதவர் என்ற எல்லா எண்ணங்களும் அதில் ஒட்டிக்கொண்டன. இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தபோது, திருமுழுக்குப் பெற வருபவரிடம் 'பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா?' என்று கேட்கும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். கேட்ட மறைப்பணியாளர் அதைக் 'கிறிஸ்தவராக விரும்புகிறாயா' என்ற பொருளில்தான் கேட்டார். கேட்கப்பட்டவர் காதிலோ, உன் பிறப்பைத் துறந்து இழிவை ஏற்கிறாயா என்று விழுந்தது. தாம் பறங்கி அல்லர் என்று நொபிலி அறிவிக்க நேர்ந்தது. அவரது பணிமுறைபற்றி எழுந்த நீண்ட விவாதம் 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையோடுதான் ஓய்ந்தது. நொபிலி எடுத்த வழி சாதியின் சுவர்களை இடிக்கவில்லை, அவற்றுக்குள் புகுந்துகொண்டது என்ற விமர்சனம் உண்டு. அது நியாயமான விமர்சனமே. நம் பேச்சுக்கு வேண்டியது இதுதான்: ஒரு மக்களின்மீது இருந்த வெறுப்பு ஒரு சொல்லில் தங்கிவிட்டதால், நற்செய்தியே அவர்கள் காதில் நற்செய்தியாக விழவில்லை.

இன்று பறங்கி என்ற சொல்லைக் கேட்டு யாரும் அஞ்சுவதில்லை. பறங்கிமலைக்குத் திருப்பயணம் போகிறோம். பறங்கிப்பேட்டை ஒரு கடலோர ஊர். பறங்கிக்காயைக் குழம்பில் போடுகிறோம். மேகநோய்க்கு மட்டும் 'பறங்கிப்புண்' என்று பெயர் வைத்தோம்! நோய் என்றால் வெளியாள் கொண்டுவந்ததுதான் என்பது மனிதரின் பழைய நம்பிக்கை. அதே நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நாப்பொலி நோய் என்றார்கள். கோவிட் பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டிலும் அதைச் சீன நோய் என்று அழைக்கப் பெரிய பதவிகளில் இருந்தவர்களே தயங்கவில்லை.

வசைச்சொற்களை விடுங்கள். வசையே இல்லாத ஒரு சிறு சொல்லிலும் இந்த எண்ணம் ஒளிந்துகொள்ளும். பெண் பார்க்கப் போய்வந்த வீட்டில் என்ன பேசுகிறோம்? "பொண்ணு கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." யாரும் யாரையும் திட்டவில்லை, பாராட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த 'இருந்தாலும்' என்ன வேலை செய்கிறது? கறுப்பும் அழகும் ஒன்றுசேராதவை, இங்கே ஏதோ விதிவிலக்காகச் சேர்ந்துவிட்டன என்கிறது. இனிமைமிகு பாடலின் தொடக்கத்தில் (இபா 1:5) தலைவி தன் கறுப்பையும் தன் அழகையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். எபிரேய மூலத்தில் அவ்விரண்டையும் இணைப்பது ஒரே ஓர் எழுத்து. அதற்கு 'உம்' என்றும் பொருள் கொள்ளலாம், 'ஆனால்' என்றும் பொருள் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'உம்' என்று கொண்டது. புனித எரோணிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அது 'ஆனால்' ஆயிற்று. அந்த 'ஆனால்' பல நூற்றாண்டுகள் பல மொழிகளில் பயணம் செய்தது. அமெரிக்கக் கத்தோலிக்கரின் 2011-ஆம் ஆண்டு விவிலியப் பதிப்பில் மீண்டும் 'உம்' வந்திருக்கிறது. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். அவள் கறுத்தது வெயிலில். சகோதரர்கள் அவளைத் திராட்சைத் தோட்டத்திற்குக் காவல் வைத்ததால். அது உழைப்பின் நிறம்.

இந்த 'இருந்தாலும்' நாம் பெரிதும் போற்றும் ஓர் உவமையின் பெயரிலும் நுழைந்திருக்கிறது என்பேன். இயேசுவின் காலத்தில் சமாரியர் என்பது வசை. அவரையே இகழ விரும்பியவர்கள் சமாரியர் என்றும் பேய் பிடித்தவர் என்றும் ஒரே மூச்சில் சொன்னார்கள் (யோவா 8:48). உவமை முடிந்து, மூவருள் யார் அடுத்திருப்பவர் என்று இயேசு கேட்டபோது, திருச்சட்ட அறிஞர் 'சமாரியர்' என்று சொல்லவில்லை. இரக்கம் காட்டியவர் என்று சுற்றி வளைத்தார் (லூக் 10:37). அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை போலும். பின்னர் அதே சொல் உதவும் மனிதருக்கு உலகப் பெயராயிற்று. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவர்களைக் காவல்துறைத் தொல்லையிலிருந்து காக்கும் விதிகளுக்கு 2016-இல் நம் உச்ச நீதிமன்றம் வலுவூட்டியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் அது ஒரு பிரிவாகவே சேர்ந்தது. அங்கே அவர்களுக்குப் பெயர் 'நல்ல சமாரியர்'. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த உவமையில் 'நல்ல' என்ற அடைமொழி இல்லை. 'சமாரியர் ஒருவர்' என்றுதான் இயேசு சொன்னார். 'நல்ல'வைச் சேர்த்தவர்கள் நாம்தான். மற்ற சமாரியர்? ஆயிரத்திற்கும் குறைவானவர்களாக அவர்கள் இன்றும் கெரிசிம் மலைப் பகுதியிலும் டெல் அவிவ் அருகிலும் வாழ்கிறார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற நம் மக்களை ஆங்கிலத் துரைமார் கூலிகள் என்றார்கள். அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளைக் கூலி லயன்கள் என்றார்கள். துரைமார் கற்பதற்கென்று அச்சிட்ட கையேட்டில் அவர்கள் பேசிய மொழிக்கே 'கூலித் தமிழ்' என்று பெயரிட்டார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. இதெல்லாம் பிறர் செய்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் சிலர் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'வடக்கத்தையான்'. கடலுக்கு வடக்கேயிருந்து வந்தவன் என்று பொருள். பேசியது ஒரே மொழி; பலருக்கு வழிபாடும் ஒன்றுதான். ஆயினும் திசையின் பெயர் இகழ்ச்சியின் பெயராயிற்று.

இன்று தமிழ்நாட்டில் நாம் சொல்லும் 'வடக்கன்' அந்தச் சொல்லின் தம்பி. திருப்பூரிலும் சென்னையிலும் நம் சிற்றூர்களிலும்கூட இச்சொல் இப்போது சாதாரணமாகிவிட்டது. அதில் என்ன தவறு, திசையைத்தானே சொல்கிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. டெல்லியிலிருந்து வந்து வங்கியில் மேலாளராக இருப்பவரை நாம் வடக்கன் என்பதில்லை. 'மேனேஜர் சார்' என்கிறோம். செங்கல் சுமப்பவர்தான் வடக்கன். அப்படியானால் அது திசை அல்ல. ஒரிசா, பீகார், ஜார்க்கண்ட் என்று வெவ்வேறு மொழியும் வெவ்வேறு முகமும் கொண்டவர்களை ஒரே பெயரில் போட்டுக் கட்டுகிறோம். மதராசி என்று வடக்கே நம்மைக் கட்டியதுபோல.

ஜார்க்கண்டைக் குறித்து ஒரு செய்தி. 1834-இல் ஒப்பந்தத்தின் பேரில் மொரிசியசுக்கு முதன்முதலாகக் கொண்டுசெல்லப்பட்ட குழுவினர் 36 பேர். 'அட்லஸ்' என்னும் கப்பலில் அவர்கள் போர்ட் லூயியை அடைந்த நாள் நவம்பர் 2, நமக்குக் கல்லறைத் திருநாள். அவர்கள் சோட்டா நாக்பூர் மலைவாழ் மக்கள். ஆவணங்கள் அவர்களை 'மலைக் கூலிகள்' என்றன. அந்தச் சோட்டா நாக்பூரின் பெரும்பகுதிதான் இன்றைய ஜார்க்கண்ட். அங்கே பிறந்த ஒராவோன் பழங்குடியினரான தெலஸ்போர் டோப்போ 2003-இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். 2023-இல் இறைவனடி சேர்ந்தார். அம்மண்ணின் ஆயிரக்கணக்கான கத்தோலிக்க இளைஞர்கள் இன்று நம் ஊர்களில் கட்டட வேலை செய்கிறார்கள்.

எங்கள் பங்கில் இப்போது சமூகக்கூடம் கட்டும் வேலை நடக்கிறது. மேஸ்திரி வைத்திருக்கும் நோட்டைக் கணக்குப் பார்ப்பதற்காக வாங்கினேன். கொத்தனார் நால்வர் பெயரும், பெரியாள், சித்தாள் பெயர்களும் வரிசையாக இருந்தன. கடைசி வரியில் 'வடக்கன் - 6' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் கெட்டவர் அல்லர். மதியம் அந்த அறுவருக்கும் தம் வீட்டிலிருந்தே குழம்பு கொண்டுவருபவர். பெயர் எழுதலாமே என்றேன். வாயில் நுழையாது சாமி என்றார். கூப்பிட்டு விசாரித்தோம். அறுவரில் மூவர் திருமுழுக்குப் பெற்றவர்கள். அவர்களுள் ஒருவருக்குக் கர்தினாலின் குடும்பப் பெயரே. மேஸ்திரி அன்றே கேட்டுக் கேட்டு, அறுவர் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். வாயில் நுழையத்தான் செய்தது.

பெயர்களை எழுதியபோதுதான் பக்கத்துக் கட்டமும் தெளிவாகத் தெரிந்தது. அதன் தலைப்பு 'கூலி'. ஒரே வேலைக்கு உள்ளூர்ப் பெரியாளைவிட இந்த அறுவருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் குறைவு. வெளிமாநிலத் தொழிலாளருக்கு அதே வேலைக்கு அதே ஊதியம் தரவேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு அதற்கும் வெகு காலம் முன்பே எழுதிவிட்டார் (யாக் 5:4). ஆறு பேர் என்று எண்ணாக இருந்தவரை அந்த 200 ரூபாய் யார் கண்ணிலும் படவில்லை. விடுபட்ட தொகையை வேலை தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு அவர்கள் கையிலேயே கொடுப்பதென்று பங்குப்பேரவை தீர்மானித்து, வரும் சனிக்கிழமையை அதற்கு நாளாகக் குறித்திருக்கிறது.